பிழை ஓரிடம், வீழ்ச்சி வேறிடம்

ஒரு பிரௌசர் முடங்கினால் அந்த ஜன்னல் மட்டும் மூடிக்கொள்கிறது. பக்கத்தில் திறந்திருக்கும் எக்செல் தாளுக்கு ஒன்றும் ஆவதில்லை. பிரௌசர் என்பது பல லட்சம் வரிகள் கொண்ட பெரிய மென்பொருள். அது விழுந்தும் கணினி அசைவதில்லை. ஆனால் ஒரு மலிவு யுஎஸ்பி கருவியைச் செருகும்போது, அதற்கென எழுதப்பட்ட சில ஆயிரம் வரி நிரல் ஒன்று தடுமாறினால் கணினி முழுவதும் நின்றுபோகிறது. மவுஸ் நகர்வதில்லை, பாட்டு அப்படியே இழுத்துக்கொண்டு நிற்கிறது, விண்டோஸின் பெரும்பாலான பதிப்புகளில் நீலத்திரை வருகிறது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் மேடையில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். உடனிருந்த உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். சற்று நேரத்தில் அரங்கின் பெரிய திரை முழுக்க நீலம். பெரியது விழுந்தால் சிறு சேதம், சிறியது விழுந்தால் பெருஞ்சேதம் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்குக்குக் காரணம், அந்தச் சிறிய நிரல் குடியிருக்கும் இடம்.

அந்த நிரலின் பெயர் சாதன இயக்கி. டிவைஸ் டிரைவர் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது. அச்சுப்பொறி, கேமரா, வைஃபை அட்டை, தொடுதிரை என ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. இயங்குதளம் ‘இந்தப் பக்கத்தை அச்சிடு’ என்று பொதுவாகத்தான் சொல்லும். எந்தச் சில்லுக்கு எந்த எண்ணை எந்த வரிசையில் அனுப்ப வேண்டும், அனுப்பியபின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் இயக்கிக்கு மட்டுமே தெரியும். செருகப்பட்ட சாதனம், தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கணினிக்குள் பொருத்தும் பிசிஐ அட்டைகளுக்கும் இதே வழக்கம்தான். (இன்டெல் நிறுவனத்தின் பிசிஐ எண் 8086. 1978-இல் வந்த தன் புகழ்பெற்ற செயலியின் பெயரையே அடையாள எண்ணாக்கிக்கொண்டார்கள்.) ஒவ்வொரு இயக்கியும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கும், எண் பொருந்தும் இயக்கியை இயங்குதளம் எழுப்பிவிடும். ஒரே பிரிண்டர் ஒரு கணினியில் உடனே வேலை செய்வதும் இன்னொன்றில் முரண்டு பிடிப்பதும் பெரும்பாலும் இந்தப் பட்டியலின் விளையாட்டு.

இயங்குதளத்தின் மையப் பகுதியைக் கெர்னல் என்கிறார்கள். தமிழில் கருனி எனலாம். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் அதனுடையது. அதைக் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்கு ஒப்பிடலாம். விருந்தினர்கள் சாப்பாட்டுக்கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரௌசரும் எக்செலும் அவர்கள். ஒருவர் தன் இலையில் எதைக் கொட்டிக்கொண்டாலும் அடுத்தவர் இலைக்குப் போகாது. சமையற்கட்டுக்குள் அந்தத் தடுப்பு கிடையாது. உள்ளே இருப்பவர் எந்த அண்டாவிலும் கரண்டியை விடலாம். இயக்கிகள் என்பவை அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த கையாட்கள். வேலை அடுப்படியில் என்பதால் அவர்களை உள்ளே விட்டே ஆக வேண்டும். அவர்களில் ஒருவர் சாம்பாருக்கான உப்பைத் தவறிப்போய்ப் பாயசத்தில் கொட்டிவிட்டால், பந்தியில் முகம் சுளிப்பவர்கள் திட்டுவது பாயசம் செய்தவரை.

இந்தக் கூடமும் கட்டும் கற்பனைப் பிரிவு அல்ல, செயலியிலேயே செதுக்கப்பட்டவை. இன்டெல் வகைச் செயலிகளில் 0 முதல் 3 வரை நான்கு அதிகார வளையங்கள் உள்ளன. சாதாரண மென்பொருள்கள் 3-இல் ஓடுகின்றன. அவை தமக்கு ஒதுக்கப்படாத நினைவகத்தைத் தொட்டால் செயலியே தடுத்து, கெர்னலிடம் பிடித்துக் கொடுத்துவிடும். கெர்னல் அந்த ஒரு மென்பொருளை மட்டும் மூடிவிடும். கெர்னலும் பெரும்பாலான இயக்கிகளும் ஓடுவது 0-இல். அங்கே தவறு நடந்தால் பிடித்துக் கொடுக்க மேலே ஆள் இல்லை. கெர்னலின் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று நிச்சயமில்லாத நிலையில் தொடர்ந்து ஓடினால் வட்டில் உள்ள கோப்புகளும் பாழாகலாம் என்பதால், அது தானே நின்றுவிடுகிறது. நீலத்திரை என்பது அப்படி வேண்டுமென்றே நிற்பது.

இயக்கி எழுதுபவரின் வேலை சில்லின் கையேட்டிலிருந்து தொடங்குகிறது. பல நூறு பக்கங்களில் பெரும்பகுதி பதிவகங்களைப் பற்றியது. பதிவகம் என்பது சாதனத்துக்குள் இருக்கும் சிறு எண் பெட்டி. செயலியின் பார்வைக்கு அது நினைவகத்தின் ஒரு முகவரிபோலவே தோன்றும், நடத்தையில்தான் வேறுபாடு. நினைவகத்தில் ஓர் எண்ணைப் போட்டு எடுத்தால் போட்டதே வரும். பதிவகத்தில் ‘போடுவது’ ஓர் ஆணை, ‘எடுப்பது’ம் ஓர் ஆணை. கணினிகளின் பழைய சீரியல் போர்ட்டை ஓட்டிய 16550 என்ற சில்லு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வழிவந்தவை இன்றும் தொழிற்சாலைக் கருவிகளிலும் வீட்டு ரவுட்டர்களின் வயிற்றிலும் இருக்கின்றன. வந்து சேர்ந்த எழுத்தை அதன் பெறும் பதிவகத்திலிருந்து படித்தால், எழுத்து வரிசையிலிருந்து நீங்கிவிடும். மறுபடி படித்தால் அடுத்த எழுத்து வரும். இன்னொரு பதிவகத்தில் ஒரு பிட்டை 1 ஆக்கினால், முன்பு எழுத்துகளைத் தந்த அதே முகவரி இப்போது வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணைக் காட்டும். ஒரே கதவு, சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு ஆள் வந்து திறக்கிறார். சாதாரண மென்பொருளில் பிழை தேடுபவர் நினைவகத்தை எட்டிப் பார்த்தால் எதுவும் மாறாது. இங்கே எட்டிப் பார்ப்பதே ஓர் எழுத்தைத் தின்றுவிடும்.

சாதனத்திடம் செய்தி இருக்கிறதா என்று இயக்கி ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கு மாற்றாக வந்தது குறுக்கீடு. குக்கரை அடுப்பில் ஏற்றியவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. விசில் வந்ததும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறார். சாதனமும் அப்படி விசில் அடிக்கிறது. செயலி தான் செய்துகொண்டிருந்ததை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, இயக்கியின் குறுக்கீட்டுக் கையாளி என்ற பகுதிக்குத் தாவுகிறது. 16550 சில்லு நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் பெறும்போது நொடிக்கு 11,520 எழுத்துகள் வருகின்றன. ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோநொடி. அதனால் கையாளி அடுப்பைக் குறைத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். சாதத்தைக் கிளறுவது, பரிமாறுவது எல்லாம் பிறகு. இந்தப் பங்கீட்டை லினக்ஸ்காரர்கள் மேற்பாதி, கீழ்ப்பாதி என்பார்கள். மேற்பாதியில் இருக்கும்போது எதற்காகவும் காத்திருக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறிய இயக்கி நூறு தடவை ஒழுங்காக ஓடி, நூற்றியோராவது தடவை கணினியை உறைய வைக்கும்.

வேகமான சாதனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. நெட்வொர்க் அட்டைகளும் வட்டுகளும் செயலியைத் தொந்தரவு செய்யாமல் தாங்களே நினைவகத்தில் தகவலை எழுதிவிடுகின்றன. இது நேரடி நினைவக அணுகல். வாசலில் பை மாட்டி வைத்தால் பால்காரர் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவதைப் போல, இயக்கி ஒரு முகவரியைச் சாதனத்திடம் கொடுத்து ‘வந்ததை இங்கே போடு’ என்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது பால்காரரிடம் சொல்ல மறந்தால், புதிதாகக் குடிவந்தவரின் பையில் பால் விழும். இயக்கி அந்த நினைவகத்தைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்தபின்னும் சாதனம் அதில் எழுதிக்கொண்டிருந்தால் நடப்பது இதுவே. அந்த இடம் இப்போது வேறொருவருடைய அட்டவணையாக இருக்கும். குற்றவாளி செயலியில் ஓடும் நிரலே அல்ல என்பதால் வழக்கமான கருவிகள் எதற்கும் தடயம் கிடைப்பதில்லை.

ஒரே தகவலை ஒரே கணத்தில் இருவர் தொடும் சிக்கல் அடுத்தது. முந்தல் பிழை என்று அதைச் சொல்லலாம். இரண்டு செயலிக் கருக்கள் ஒரே எண்ணைப் படித்து, இரண்டும் ஒன்றைக் கூட்டி, இரண்டும் திரும்ப எழுதினால், இரண்டு கூட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கூடியிருக்கும். தீர்வு பூட்டு. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, தகவலைத் தொடுவதற்கு முன் ‘இது என்னுடையது’ என்று அறிவிப்பது. துண்டு கிடக்கும் இருக்கையில் அடுத்தவர் உட்கார மாட்டார் என்ற மரியாதை நிலவும்வரை இது செல்லுபடியாகும். ஓர் இயக்கி துண்டைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டால் முறை முழுவதும் கெட்டுவிடும். இரண்டு பூட்டுகள் தேவைப்படும் இடத்தில் இன்னொரு ஆபத்து. ஒருவர் முதல் பூட்டை எடுத்துவிட்டு இரண்டாவதற்காகவும், மற்றவர் இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதற்காகவும் காத்திருந்தால், குறுகிய வரப்பில் எதிரெதிரே வந்து நின்ற இருவரைப் போல யாரும் நகர முடியாது. இது முட்டுநிலை.

இவை எல்லாவற்றையும் கவனித்தபின்னும் விடுபடும் ஒன்றுண்டு: தோல்வியடையும் வழி. இயக்கி தொடங்கும்போது நினைவகம் வாங்குகிறது, பதிவகங்களை இணைக்கிறது, குறுக்கீட்டைப் பதிவு செய்கிறது. நான்காவது படி தோற்றால், செய்த மூன்றையும் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். பந்தலைப் பிரிப்பவர்கள் முதலில் விளக்கை இறக்கி, பிறகு கீற்றை எடுத்து, கடைசியில் காலைப் பிடுங்குவதுபோல. நான்காவது படி நடைமுறையில் தோற்பதே அபூர்வம் என்பதால் அந்த வரிகள் யாருடைய மேசையிலும் ஓடிப் பார்க்கப்படாமல் கிடக்கும். நினைவகம் கேட்டால் வேண்டுமென்றே ‘இல்லை’ என்று கைவிரிக்கும் சோதனை வசதி லினக்ஸிலும் விண்டோஸிலும் இருப்பது இதற்காகத்தான்.

பிழை நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வழுநீக்கம் என்று பெயர். மிகப் பழைய கருவியே இன்றும் அதிகம் பயன்படுகிறது: நிரலின் நடுவே ‘இங்கே வந்தேன்’ என்று ஒரு குறிப்பை எழுத வைப்பது. லினக்ஸ் கெர்னலில் அதைச் செய்யும் ஆணை பிரிண்ட்கே. குறிப்புகள் வட்டவடிவ ஏட்டில் சேர்கின்றன. ஏடு நிரம்பினால் பழையவை அழிந்து புதியவை எழுதப்படும். கணினியே நின்றுபோகும் வழக்குகளில் அந்த ஏட்டை யார் படிப்பது என்ற கேள்வி வரும். அதற்காகத்தான் இயக்கி எழுதுபவர் மேசையில் இரண்டு கணினிகள் இருக்கும். ஒன்று சாகும், மற்றொன்று சீரியல் கம்பி வழியாகவோ நெட்வொர்க் வழியாகவோ அதன் கடைசி வார்த்தைகளைக் குறித்துக்கொள்ளும். மெய்நிகர் கணினிகள் வந்தபின் இரண்டாவது பெட்டி ஒரு ஜன்னலாகச் சுருங்கியிருக்கிறது. உண்மையான சாதனத்தைத் தொடும் கட்டத்தில் மறுபடி பெட்டி தேவைப்படும்.

லினக்ஸ் கெர்னலின் மரண வாக்குமூலத்துக்குச் செல்லப்பெயர் ஊப்ஸ். பார்ப்பதற்கு எண்களின் குப்பைபோல இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அதில் மூன்று செய்திகள் உண்டு: எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது, அப்போது எந்த வரியில் இருந்தது, அந்த வரிக்கு யார் யாரை அழைத்து வந்து சேர்ந்தது. தொட்ட முகவரி 24 என்றால் அனுபவசாலி உடனே ஊகிப்பார். யாரும் 24-ஆம் முகவரியைத் தேடிப் போவதில்லை. ஏதோ ஒரு தகவல் தொகுப்பின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளியிருக்கும் உறுப்பைக் கேட்டிருக்கிறார்கள். தொகுப்பின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்திருக்கிறது. எந்தத் தொகுப்பில் 24-ஆம் பைட்டில் என்ன உறுப்பு இருக்கிறது என்று பார்த்தால் வழக்கு பாதி முடிந்தது.

திருப்பிக் கொடுத்த நினைவகத்தை யாராவது மறுபடி தொடுகிறார்களா என்று கண்டுபிடிக்கும் தந்திரம் இன்னும் அழகானது. குடியிருந்தவர் காலி செய்த வீட்டின் தரையில் கோலமாவைத் தூவி வைத்தால், திருட்டுத்தனமாக நுழைந்தவரின் காலடி தெரியும். சோதனைக் கெர்னல், திரும்பி வந்த நினைவகம் முழுவதையும் பதினாறடிமான எண்முறையில் 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கிறது. மறுபடி வாடகைக்கு விடும்போது மாவு கலைந்திருந்தால் யாரோ எழுதியிருக்கிறார்கள். ஊப்ஸ் செய்தியில் 6பி6பி6பி6பி என்ற முகவரி தென்பட்டால் யாரோ மாவையே முகவரியென்று நம்பிப் படித்திருக்கிறார்கள். 2015-இல் லினக்ஸில் சேர்ந்த கேசான் என்ற கருவி ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு காவல் பைட்டை வைத்து, காலடி படும் அந்தக் கணத்திலேயே கையைப் பிடிக்கிறது. விலை, நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கும் கணிசமான வேகமும்.

வேகம் குறைவதிலும் ஒரு வம்பு உண்டு. முந்தல் பிழைகள் மைக்ரோநொடிக் கணக்கில் பிறப்பவை. நடுவே ஒரு பிரிண்ட்கே வரியைச் சேர்த்தால் அந்தத் தாமதத்திலேயே இருவரும் மோதாமல் தப்பிவிடுவார்கள், பிழை மறைந்துவிடும், வரியை எடுத்தால் திரும்பி வரும். இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை வைத்து இதற்கு ஹைசன்பக் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பல் வலிக்கு மருத்துவர் வாசலை மிதித்ததும் வலி நின்றுபோகும் அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தத் துறையின் மிக நல்ல துப்பறியும் கதை 2008-இல் நடந்தது. லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு சோதனையில் இருந்தபோது, சில மடிக்கணினிகளிலும் மேசைக்கணினிகளிலும் நெட்வொர்க் அட்டை திடீரென்று செத்துப்போவதாகப் புகார்கள் வந்தன. எல்லாம் இன்டெல் அட்டைகள், எல்லாவற்றையும் ஓட்டியது இ1000இ என்ற இயக்கி. மறுபடி தொடங்கினாலும் அட்டை எழவில்லை. பழைய கெர்னலைப் போட்டாலும் எழவில்லை. அட்டையின் முகவரியும் அமைப்புகளும் எழுதப்பட்டிருக்கும் நிலைநினைவகமே அழிந்திருந்தது. மென்பொருள் பிழை ஒன்று வன்பொருளைக் கொன்றுகொண்டிருந்தது. உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, மாண்ட்ரீவா ஆகியவை தங்கள் சோதனைப் பதிப்புகளில் அந்த இயக்கியை முடக்கி வைத்தன.

சந்தேகம் இயல்பாகவே இ1000இ மேல் விழுந்தது. அதன் அட்டை, அதன் நினைவகம், அதன் வேலை. தேடியவர்கள் அதில் உண்மையான பிழைகளையும் கண்டார்கள்: நிலைநினைவகத்தைத் தொடும்போது பிடிக்க வேண்டிய பூட்டு சில இடங்களில் சரியாகப் பிடிக்கப்படவில்லை. திருத்தினார்கள். அட்டைகள் தொடர்ந்து செத்தன. வரைகலைப் பகுதி முடங்கிய கணினிகளில் இது நேர்ந்ததாகச் சிலர் சொன்னதால் திரை ஓட்டும் மென்பொருள்மீதும் சந்தேகம் திரும்பியது. இதற்கிடையில் இன்டெல் பொறியாளர்கள் நிலைநினைவகத்தில் எழுதுவதையே பூட்டிவைக்கும் திருத்தத்தைத் தந்தார்கள். சாவு நின்றது, கொலையாளி யாரென்று தெரியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது இருபாகத் தேடல். முந்தைய பதிப்புக்கும் இந்தப் பதிப்புக்கும் இடையே கெர்னலில் நடந்த மாற்றங்கள் சுமார் பத்தாயிரம். நடுவிலுள்ள மாற்றம்வரை மட்டும் சேர்த்து ஒரு கெர்னலைக் கட்டி ஓட்டினால், பிழை முதல் பாதியில் இருக்கிறதா இரண்டாம் பாதியில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு அந்தப் பாதியில் பாதி. அகராதியில் சொல் தேடுவதுபோலப் போனால் பத்தாயிரத்துக்குப் பதினான்கு சோதனைகள் போதும். வழக்கமாக ஒவ்வொரு சோதனைக்கும் செலவு அரை மணி நேரம். இங்கே ஒவ்வொரு ‘ஆம்’ விடைக்கும் ஓர் அட்டை பலி.

தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடத்துக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை. குற்றவாளி எஃப்டிரேஸ், அதுவே ஒரு வழுநீக்கக் கருவி. கெர்னலின் ஒவ்வொரு செயற்கூறும் எப்போது அழைக்கப்படுகிறது என்று கண்காணிப்பது அதன் வேலை. அதற்காக ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும் ஓர் அழைப்பு செருகப்பட்டிருக்கும். கண்காணிப்பு தேவைப்படாதபோது அந்த அழைப்புகள் வேகத்தைத் தின்னக் கூடாது என்பதால், எங்கெங்கே அழைப்பு இருக்கிறது என்று எஃப்டிரேஸ் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, பின்னணியில் விழித்தெழுந்து, அந்த இடங்களில் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற ஆணையை எழுதிவிடும். ஓட்டை எங்கே என்றால், இயக்கிகளில் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும் பகுதி, வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். பட்டியலில் அதன் முகவரி மட்டும் நீங்காமல் நின்றது. காலியான அந்த முகவரியைக் கெர்னல் அடுத்து யாருக்குக் கொடுக்கும் என்பது தற்செயல். சில கணினிகளில் அது இ1000இ இயக்கிக்குப் போனது, அட்டையின் நிலைநினைவகத்தைப் பார்க்கும் சாளரமாக.

எஃப்டிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. முகவரியில் எதிர்பார்த்த அழைப்பு இருந்தால் மட்டும் மாற்று என்ற ‘ஒப்பிட்டு மாற்றும்’ ஆணையைத்தான் பயன்படுத்தியது. நினைவகத்தில் இது முழுப் பாதுகாப்பு. ஆனால் இன்டெல் வகைச் செயலிகளில் அந்த ஆணை, ஒப்பீடு தோற்றாலும் இருந்த மதிப்பையே திரும்ப எழுதிவைக்கும். நினைவகத்துக்கு அதனால் நட்டமில்லை. சாதனத்துக்கோ எழுதுவது எதுவாயினும் அது ஓர் ஆணை. நிலைநினைவகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தன்னைத் தானே பாழாக்கிக்கொண்டது. பாயசத்தில் உப்பைக் கொட்டியவர், உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர்! 2008 அக்டோபரில் வந்த 2.6.27.1 திருத்தப் பதிப்பு எஃப்டிரேஸின் இந்த வசதியை முடக்கியது. அடுத்த பதிப்பில் அது வேறு விதமாக எழுதப்பட்டது: அழைப்புகளின் பட்டியல் நிரல் தொகுக்கப்படும்போதே தயாராகிவிடும், பின்னணியில் விழித்தெழுபவர் இல்லை, ஒருமுறை ஓடி மறையும் பகுதிகள் பட்டியலில் சேர்வதில்லை.

இப்படி ஒவ்வொரு பிழையையும் செத்தபின் ஆராய்வதற்கு மாறாக, முன்கூட்டியே பிடிக்கும் முயற்சிகளும் நெடுநாளாக நடக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 2001-இல் லினக்ஸ் மூலநிரலை ஓட்டாமலே ஆராயும் நிரலால் அலசி, இயக்கிகளில் பிழை விகிதம் கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்குவரை இருப்பதாகக் கண்டது. விண்டோஸ் எக்ஸ்பி முடக்கங்களில் 85 சதவீதத்துக்கு இயக்கிகளே காரணம் என்று 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. எழுதுபவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது சரியல்ல. கெர்னலின் மையப் பகுதி ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு நொடியும் சோதிக்கப்படுகிறது. ஓர் இயக்கியைச் சோதிப்பவர்கள் அந்தச் சாதனத்தை வாங்கியவர்கள் மட்டும். 2011-இல் இன்னொரு குழு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது விகிதத்தில் முதலிடம் இயக்கிகளிடம் இல்லை. பத்தாண்டுக் கருவிகள் வேலை செய்திருந்தன.

அந்தக் கருவிகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 2006-இல் லினக்ஸில் வந்த லாக்டெப், எந்தப் பூட்டுக்குப்பின் எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறது என்ற வரிசையை மட்டும் குறித்துக்கொண்டே வரும். காலையில் ஒருவர் வரப்பில் வடக்கே போனார், மாலையில் இன்னொருவர் அதே வரப்பில் தெற்கே போனார் என்றால் அதற்கு அது போதும். இருவரும் ஒருநாள் எதிரெதிரே சந்திக்கக்கூடும் என்று முட்டுநிலை ஏற்படுவதற்கு முன்பே சத்தம் போட்டுவிடும். இன்னொன்று மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்த ஸ்லாம். அதை உருவாக்கியவர்கள் தாமஸ் பாலும், சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியும். ‘எடுத்த பூட்டை விடாமல் திரும்பாதே’ என்பது போன்ற விதி ஒன்றைக் கொடுத்தால், இயக்கியின் நிரலை அந்த விதிக்குத் தேவையான எலும்புக்கூடாகச் சுருக்கி, அதன் எல்லா வழிகளிலும் விதி நிற்கிறதா என்று ஸ்லாம் பார்க்கும். ஊரின் ஒவ்வொரு தெருவிலும் பஸ்ஸை ஓட்டிப் பார்ப்பதற்குப் பதில், வரைபடத்தை விரித்து எந்தத் தெரு முட்டுச்சந்து என்று பார்ப்பது இது. சுருக்கியதால் பொய்யான குற்றச்சாட்டு எழுந்தால், எந்த விவரம் விடுபட்டதோ அதை மட்டும் சேர்த்து மறுபடி பார்க்கும். விண்டோஸ் இயக்கி எழுதுவோருக்கான கருவித் தொகுப்பில் இது பின்னர் சேர்ந்தது.

வேறொரு சிந்தனை, கையாட்களைச் சமையற்கட்டுக்கு வெளியே நிறுத்துவது. மினிக்ஸ் 3, கியூஎன்எக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இயக்கிகளும் சாதாரண மென்பொருள்களாகவே ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் அதை மட்டும் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு கரண்டிக்கும் வாசல்வரை போய்வர வேண்டிய வேகக்குறைவு அதன் விலை. விண்டோஸும் சிலவகை இயக்கிகளை வெளியே ஓட்ட இடம் தருகிறது. நேரடி நினைவக அணுகலுக்கு, சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் நடுவே காவல்காரராக நிற்கும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் வந்திருக்கிறது. பழைய வீட்டு வாசலுக்கு வரும் பால்காரரை அது தெருமுனையிலேயே மறித்துப் பெயரையும் குறித்துக்கொள்கிறது.

ஆனாலும் உள்ளே இருக்க விரும்புபவர்கள் குறையவில்லை. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றன. இந்தியாவில் சில பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள். எந்தச் சாதனமும் இல்லாவிட்டாலும் அது இயக்கி வடிவில் கெர்னலுக்குள் ஓடியது, வைரஸ்களை அங்கிருந்துதான் முழுதாகக் கண்காணிக்க முடியும் என்பதால். அன்று அனுப்பப்பட்ட தகவல் கோப்பு 21-ஆவது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத 21-ஐப் படிக்க வரிசைக்கு வெளியே போன இயக்கி விழுந்தது, கணினியும் விழுந்தது. தொடங்கும்போதே ஏறிக்கொள்ளும் இயக்கி என்பதால் மறுபடி போட்டாலும் விழுந்தது. தவறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விழுந்த கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாக ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

வரிசைக்கு வெளியே படிப்பதையும், திருப்பிக் கொடுத்த நினைவகத்தைத் தொடுவதையும் நிரலைத் தொகுக்கும்போதும் ஓட்டும்போதும் தடுக்கும் ரஸ்ட் என்ற மொழிக்கு, 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 பதிப்பு கதவைத் திறந்தது. இயக்கிகள் அதில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டு வருகின்றன. ஆனால் கையேட்டுக்கும் சில்லுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எந்த மொழியும் அறியாது. முதலில் வந்த 16550 சில்லில், எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் 16 பைட் வரிசை வடிவமைப்புப் பிழையால் பயன்படவில்லை. சரிசெய்து வெளியிட்டதற்கு 16550ஏ என்று பெயர். இன்றைய லினக்ஸின் சீரியல் இயக்கி இந்த இரண்டையும் இப்போதும் வேறுபடுத்திப் பார்க்கிறது. ‘ஏ’ என்றால் பதினாறு எழுத்துகளை மொத்தமாக அனுப்புகிறது, பழையதென்றால் ஒவ்வொன்றாக.